அக்கா கேட்ட மன்னிப்பு

ஊரில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பேர். தினமும் காலையில் மின்கம்பி வேலியைப் பிடுங்கி, நாற்பது மாடுகளையும் அடுத்த துண்டு நிலத்துக்கு மாற்றி, வேலியை மறுபடி நட்டுவிட்டுத்தான் வாயில் காபி படும். ஒரு துண்டில் ஒரு நாள் மேய்ச்சல், பிறகு ஐம்பது நாள் ஓய்வு. சாணி மக்கி, புல் ஆழமாக வேர்விட்டு, ஏழு வருஷத்தில் கட்டாந்தரை மண்புழு நெளியும் மண்ணானது. அது பொய்யில்லை. பெருமை தலைக்கேறியதுதான் தப்பு.

பண்ணையின் மறுபாதி அக்காவுடையது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவள், தன் பங்கு மாடுகளைத் தம்பிக்கே கொடுத்துவிட்டு நிலத்தை அதன் போக்கில் விட்டாள். ஓடையின் கரையைக்கூட உடைத்து, தண்ணீரை இஷ்டத்துக்குப் பரவவிட்டாள். புதர் மண்டியது. தரையில் முட்டையிடும் பறவைகள் வந்தன.

பண்ணையைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தம்பி கையை நீட்டிக் காட்டுவார். "இந்தப் பக்கம் பால், அந்தப் பக்கம் பாம்பு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். "பாம்பும் எங்கயாவது இருக்கணும்ல?"

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. ஐம்பது நாள் ஓய்வு முப்பதாகி, பதினைந்தானது. மாடுகளைக் குறைத்திருக்கலாம், வருகிறவர்கள் முன்னால் கௌரவம் போய்விடுமே! அக்காவின் ஓடையோரத்தில் மட்டும் இடுப்பளவுப் புல் பச்சையாக நின்றது. கேட்டால் கொடுத்திருப்பாள். இத்தனை நாள் கிண்டலடித்த வாய்க்குக் கேட்க வரவில்லை.

அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், எல்லைக் கம்பங்கள் இரண்டைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டு மாடுகளை உள்ளே ஓட்டினார். மூன்று நாள் மேய்ந்தன. திருப்பி ஓட்டும்போது, குளம்படிக்குள் நசுங்கிய மூன்று முட்டைகளைப் பார்த்தார். தாய்ப்பறவை சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தியது.

அக்கா ஊர் திரும்பி, சாய்ந்த கம்பங்களைப் பார்த்ததும் நேராகத் தம்பியின் கொட்டகைக்கு வந்தாள்.

"டேய், மன்னிச்சுக்கடா. கம்பம் உளுத்துப் போனத நான் கவனிக்கல. உன் மாடெல்லாம் உள்ள வந்துருக்கு. முள்ளு கிள்ளு குத்திருக்கா, பாத்தியா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமேலாவது வேலிய ஒழுங்கா வெச்சுக்க" என்றும் சொன்னார்.

அவள் தலையாட்டிவிட்டு, குனிந்து ஒவ்வொரு மாட்டின் காலாகத் தடவிப் பார்த்து மருந்து போட்டாள். நாற்பது மாட்டுக்கும். அவர் பக்கத்தில் மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒரு கூட்டம் பார்க்க வந்தது. அக்காவும் நின்றிருந்தாள். வழக்கமான பேச்சுக்குத் தூக்கிய கையை அவர் கீழே இறக்கினார்.

"என் மேய்ச்சல் முறை தோத்துப் போச்சுங்க. அத மறைக்க நான்தான் அக்கா வேலியச் சாய்ச்சு மாட்ட விட்டேன். அவங்க பறவைக் கூடெல்லாம் போச்சு."

அக்கா எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"முட்டை போனதுகூடப் பரவால்லடா. என்ன மன்னிப்பு கேக்க வெச்சுட்டு நின்ன பாரு, அதத்தான் தாங்க முடியல."

ஐந்து மாதம் அவள் அவரோடு பேசவில்லை. அவர் மாடுகளை இருபத்தெட்டாகக் குறைத்தார். குஞ்சுகள் பறந்துபோகும் பருவம் முடிந்ததும் அவளே சொல்லியனுப்பினாள்: புதர் ரொம்ப அடைத்துவிட்டது, ஆறு மாடு, பத்து நாள் மட்டும் மேயலாம்.

இப்போது வருஷா வருஷம் அவர் போய் மேய்ச்சலுக்கு வாய்விட்டுக் கேட்கிறார். சில வருஷம் அவள் வேண்டாம் என்பாள். சரி என்று திரும்பிவிடுவார். கேட்கும்போது இன்னும் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.