அப்பா திட்டிய திங்கட்கிழமை

திருவிருந்து ஞாயிறுகளில் எங்கள் ஆலயத்தில் எல்லோரும் எழுந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னே போவார்கள். அப்பா மட்டும் தலையைக் குனிந்தபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். ஜலகண்டாபுரத்தில் சின்னச் சபை எங்களுடையது; யார் எழவில்லை என்பது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். மனதில் உறுத்தல் உள்ளவர்கள் அப்படி ஒரு மாதம், இரண்டு மாதம் உட்கார்ந்துவிடுவது வழக்கந்தான். அப்பா வருடக்கணக்கில் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. ஒரு தீபாவளிக்குத் தறிகள் இரவும் பகலும் ஓடியபோது, பஞ்சு அடைத்து அடைத்துத் தறி நின்றுபோகிறதென்று, மோட்டார் பெல்ட்டின் மேலிருந்த தகர மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். எல்லாக் கூடத்திலும் செய்கிற காரியந்தான். அந்தத் தறியை ஓட்டியவர் அத்தை. ரத்த உறவில்லை, ஒரே சபை என்பதால் அப்பாவை அண்ணா என்பார், அதனால் எனக்கு அத்தை. ஓடுகிற தறியில் பஞ்சைத் தட்டிவிடப் போனவரின் வலது கையில் இரண்டு விரல்கள் பெல்ட்டோடு போயின. காயம் ஆறியதும் அதே தறிக்குத் திரும்பி வந்தார். மூன்று விரலால் இழை முடியப் பழகிக்கொண்டார். அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, ஆயர் முன்னிலையில் சொல்லியும் விட்டார். அப்பாவுக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

தகர மூடியை அப்பா விபத்து நடந்த அன்றைக்கே மாட்டிவிட்டார். மனசு ஆறவில்லை. அத்தையின் நூல் கூடையை அவரே தூக்கி வந்து வைப்பார். துணியில் பழுது விழுந்தால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் வசவு அத்தைக்குக் கிடையாது. அப்பாவே உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சோற்று வேளையில் அத்தையைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தினார்கள். தூக்குப்போசியைத் திறந்து வைத்து அவர் தனியாகச் சாப்பிடுவார்.

ஒரு திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவ்வளவுதான், அத்தைக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"ஏனுங்கண்ணா, நான் மன்னிச்சதும் பத்தாது, ஆண்டவரு மன்னிச்சதும் பத்தாதுன்னா, அப்பறம் யாருதான் வந்து உங்களுக்குச் சொல்லோணும்? என்னையப் பாக்கறப்பெல்லாம் என்ற கையைத்தான் பாக்கறீங்க. போன விரலு போச்சு. கூட ஒக்காந்து சோறு திங்க ஆளில்லாம போச்சே, அது இப்ப உங்களாலதானுங்க."

தன் குற்றத்தைத் தான் மட்டுமே சுமக்கிறோம் என்று நினைத்திருந்த மனிதர் அப்பா. பாதிப் பாரம் அத்தை தலையில் இருந்தது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. "நாளைக்கு என்ற பக்கத்துல வந்து முழங்கால் போடுங்க. வாரேனுங்க" என்று அம்மா கொண்டுவந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் அத்தை கிளம்பிவிட்டார்.

மறுநாள் அப்பா எழுந்தார். அத்தையின் பக்கத்தில் முழங்காற்படியிட்டார். அத்தை அப்பத்துக்கு வலது கையை நீட்டியபோது அப்பா அதைப் பார்க்கவில்லை. நேராக ஆயரைப் பார்த்துத் தன் கையை நீட்டினார். அழுதார், மறைக்கவில்லை. இப்போது நான் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். மன்னிப்புக் கேட்பதைவிட, கிடைத்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளத்தான் அதிக விசுவாசம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்கிறேன். கண்ணால் கண்டவள் நான்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அத்தையின் துணியில் ஒரு சாண் நீளத்துக்கு இழை ஓடாமல் கிடந்தது. அப்பா பார்த்தார்.

"கண்ணு பொடனியிலயா இருக்குது? பிரிச்சுப் போட்டு மறுக்கா ஓட்டு" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"சரிங்கண்ணா" என்றார் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு.

தறிகள் நின்றதும் பக்கத்துத் தறிக்காரி தன் தூக்குப்போசியோடு வந்து அத்தையின் அருகே உட்கார்ந்தாள். "என்னக்கா, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

"வயிறு நெறைய" என்று சொல்லி அவளுக்கு ரசம் ஊற்றினார் அத்தை.