இந்திரா மச்சாளும் ஏரிக்கரை வாத்துகளும்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். விடிந்தால் பேனா பிடிக்கக் கை கிடைக்காது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. போன கிழமை லண்டனிலிருந்து மச்சாளின் கணவர் சிவம் அண்ணை ரெலிபோன் எடுத்தபோது நான் பால் போத்தல் கழுவிக்கொண்டு நின்றேன். ரெலிபோனைப் பிடித்திருந்த இவர், "அக்காவோ?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன இந்திரா மச்சாள் வீடு திரும்பவில்லை.

மச்சாளை அறிந்த உங்களுக்கு அழுகையைத்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்தேன். எழுதத் தொடங்கினால் சிரிப்பு வருகிறது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

மூத்தவள் எட்டு மாதப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு கலியாணத்துக்காக அவளைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து லண்டன் போனேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை பாலைத் தவிர வேறொன்றையும் விழுங்கமாட்டாள். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். நிறை ஏறவில்லை, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதிக்கவேண்டும் என்று எங்கள் பார்க்டேல் டொக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாள், "உந்த முகத்தைப் பாத்தா ஆருக்கு சுதா பசிக்கும்? வெளிக்கிடு, ஏரி பாக்கப் போவம்" என்றார்.

யாரிடமோ ஒரு வான் வண்டியை இரவல் வாங்கி, தானே ஓட்டினார். நான் ஏற்றிய சாமான்களைப் பார்த்தார்: மூன்று போர்வை, போத்தல் அவிக்கிற பாத்திரம், காய்ச்சல் பார்க்கிற கருவி, மருந்துப் பை. "நீ பிள்ளையைக் கொண்டு வந்தனியோ, ஆஸ்பத்திரியைக் கொண்டு வந்தனியோ?" வழி முழுக்க நான் கண்ணாடியை மூட, அவர் திறக்க, அப்படியே வடக்கே ஒரு ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் கிராமத்தை எப்படிச் சொல்ல? கருங்கல் வீடுகள், ஒவ்வொரு யன்னலிலும் பூச்சட்டி, மலைச்சரிவில் தூவிவிட்டதுபோல் செம்மறிகள். தெரு இறங்கி முடிகிற இடத்தில் ஏரி. மலைகள் தலைகீழாக அதற்குள் நின்றன. பிள்ளையைத் தூக்கி அதைக் காட்டினேன். எங்களோடு வந்த சிவம் அண்ணை மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இஞ்சேரும், குளம் பாக்கவோ இவ்வளவு தூரம்? எங்கடை வளவுக்குப் பின்னாலையும் ஒண்டு கிடந்ததெல்லோ" என்றார்.

"அதுக்குள்ளை எருமைதானே கிடந்தது. பேசாமல் சட்டியை இறக்குங்கோ."

அன்று புரட்டாசிச் சனி. மச்சாளுக்குச் சனீஸ்வர விரதம். காகத்துக்கு வைக்காமல் ஒரு பருக்கையும் வாயில் வைக்கமாட்டார். லண்டன் வீட்டுப் பின்வளவுக்குத் தவறாமல் காகம் வருவதால், இங்கேயும் வரும் என்று நம்பி வந்துவிட்டார். ஃபொயில் தாளில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து, கரையில் நின்று "கா... கா..." என்று உரத்துக் கூப்பிட்டார். ஒரு காகமும் இல்லை. நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், யாரையாவது தொலைத்துவிட்டீர்களா என்று பதறிப்போய்க் கேட்டார். மச்சாள் தன் ஆங்கிலத்தில் சனீஸ்வரனையும் அவருடைய வாகனத்தையும் விளக்கினார். கிழவர் யோசித்துவிட்டு, காகங்கள் பின்னேரம்தான் தேவாலயத்து மரங்களுக்கு வரும் என்றார். பிறகு, முயன்று பார்ப்போமே என்று தொப்பியைக் கழற்றி, அவரும் சேர்ந்து "கா... கா..." என்று கூப்பிட்டார்.

வந்தது வாத்துக் கூட்டம். பின்னால் இரண்டு அன்னங்கள். சோறு, பருப்பு, கறி எல்லாம் ஒரு நிமிடத்தில் போயிற்று. ஃபொயில் தாளைச் சிவம் அண்ணை பறித்தெடுத்தார்.

"இந்திரா, இது காகமில்லை, வாத்து. விரதம் செல்லாது."

"இந்த ஊரிலை சனீஸ்வரன் வாத்திலைதான் வாறவர். ஊருக்கேத்த வாகனம்."

கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். என் மடியிலிருந்த பிள்ளை வாத்துகளைக் கண்டு வாயைப் பிளந்து கெக்கலித்தாள். அந்தத் திறந்த வாய்க்குள், சட்டியிலிருந்து எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் குழைத்த பருப்புச் சோற்றை மச்சாள் விரலால் வைத்துவிட்டார்.

"மச்சாள், கை கழுவினனீங்களோ?"

"ஓம், ஏரி முழுக்கத் தண்ணிதானே. சத்தம் போடாதை, விழுங்கிறாள்."

விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள். கரண்டியையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு விரல் பிடித்ததோ, வாத்துகள் தின்றதைப் பார்த்து ஆசை வந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னக் கிண்ணம் வெறுமையானதும் நான் விம்மி அழுதேன். மச்சாள் என் கையில் ஒரு சோற்றுக் கோப்பையைத் திணித்தார். "பிள்ளை தின்னேல்லை, தின்னேல்லை எண்டு நீயும்தானே தின்னேல்லை. தின்னாத தாயைப் பாத்துப் பிள்ளை என்னத்தைப் பழகும்? முதல்லை நீ சாப்பிடு." எனக்குப் பிறகுதான் அவர் விரதச் சாப்பாடு சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்து டொக்டர் தராசைப் பார்த்துவிட்டு, சோதனை ஒன்றும் வேண்டாம் என்றார். ஓடிவந்து மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். "எனக்கேன் சொல்லுறாய், வாத்துக்குச் சொல்லு" என்றார்.

என் பயம் போகவில்லை. சின்னவன் தும்மினாலும் எனக்கு நித்திரை இல்லை. அவனும் இப்போது அக்காவைப் போலவே வாயை இறுக்குகிறான். ஆனால் கரண்டியோடு நான் அவனைத் துரத்துவதில்லை. என் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவனருகே நிலத்தில் இருந்து, அவசரப்படாமல் ஆறுதலாகச் சாப்பிடுகிறேன். மச்சாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். நேற்று அவன் தவழ்ந்து வந்து என் கோப்பைக்குள் கைவைத்தான். கொஞ்சம் குழைத்துக் கொடுத்தேன். விழுங்கினான். உடனே லண்டனுக்கு எடுத்துச் சொல்ல எழும்பினேன். ரெலிபோனைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கண்டதும் கெதியாய்ப் பதில் போடுங்கள்.

சுதா