மூன்று குத்து

என் மகன் ராணுவத்தில் மருத்துவ உதவியாளன். சண்டையில் அடிபட்டுக் கிடப்பவன்மேல் முதலில் கை வைப்பது அவன்தான். போன வருடம் ஒரு மாத விடுப்பில் வந்தவனைப் பத்தாம் நாளே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லையில் சண்டை. மறுநாள் காலை ரயில்.

அன்று மத்தியானம் தறி அறை ஜன்னல்களைச் சாத்தினான். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டான்.

"கைய நீட்டும்மா. அங்க ராத்திரில பேட்டரி லைட்டு அடிச்சா அதப் பாத்தே சுடுவான். இருட்டுலயே நரம்பு புடிச்சி மருந்து ஏத்தணும். பரீட்சையில தப்பு பண்ணிட்டேன்."

நீட்டினேன். முழங்கைக்கு மேலே ரப்பரை இறுக்கிக் கட்டினான். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினான். குத்தினான். ஊசியில் ரத்தம் வரவில்லை. வேறு இடத்தில் குத்தினான். அதுவும் வீண். தோலுக்கடியில் நீலமாகப் புடைத்தது. அவன் நெற்றி வியர்வை என் கையில் சொட்டியது.

வாசற்படியில் நின்ற மருமகள், "போதும் வுடுங்க. அத்த கை இன்னா தலகாணியா, குத்திக்கினே இருக்கீங்க?" என்றாள். அவள் பயம் என் கையைப் பற்றியது அல்ல.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைப்பதில் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. பட்டிழையைக் கண் தேடாது, விரல்தான் தேடும். அழுத்தினால் விரலும் குருடு.

"டேய், நரம்ப அமுக்கிட்டு அப்புறம் தேடுறியே. கட்டவிரல எடு. ஆள்காட்டி விரல் நுனிய மேலாக ஓட்டு. அதுவா வந்து தட்டும்."

"தறி வேற, இது வேறம்மா."

"உன் படிப்புக்கு ரெண்டு குத்து வாங்கிக்கினேன். என் படிப்புக்கு ஒண்ணு குத்து."

எறும்பு ஊர்வதுபோல் விரல் போனது. நின்றது. குத்தினான்.

"வந்துடுச்சி," என்றாள் மருமகள்.

அவன் போனபின் பதினோரு நாள் போன் இல்லை. டிவியில் இருட்டில் குண்டு வெடிப்பதையே காட்டினார்கள். மருமகள் அணைப்பாள், நான் போடச் சொல்வேன். என் கையின் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. அதற்கு மறுநாள் கூப்பிட்டான்.

"ஒருத்தனுக்கு ஏத்துனேன்மா. தொடையில குண்டுச் சில்லு. மொதல்ல இறுக்கிக் கட்டி ரத்தத்த நிறுத்துனேன். கும்மிருட்டு, மேல வெடிச்சிக்கினே இருக்குது. ரத்தம் போயி நரம்பெல்லாம் உள்ள வாங்கிடுச்சி."

"பொழச்சானா?"

"காலைல ஆஸ்பத்திரிக்கு ஏத்தி வுட்டப்போ பேசிக்கினு இருந்தான்."

"எத்தினி குத்து?"

"ரெண்டு."

"பெத்தவளுக்கு மூணு, அவனுக்கு ரெண்டாடா?" என்றேன். அதற்குள் மருமகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.