ராஜாவுக்கு மேலே ஒன்பது

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வசந்தகாலம். பிரெஞ்சு பேசும் மாகாணம் ஒன்றில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எனக்குக் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போக ஆசை. அதற்கான படிப்பில் சேர, பிரெஞ்சில் பத்து நிமிடம் பேசிக் காட்டும் பரீட்சையில் தேற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வாயே திறக்காமல் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவதும் போனால் களஞ்சியமே கதி.

தலைப்பைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மேப்பிள் பாகு விழுந்தது. எனக்கு விழுந்ததோ, அடித்துக்கொண்டு கிடந்த ஜப்பானியக் குலங்களை மூன்று போர்த்தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒன்றாக்கிய கதை! எனக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்? வீட்டில் இருந்த ரைஸ் குக்கரைத் தவிர.

ஞாயிறு பூசை முடிந்து நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்த கணவரிடம் போய்ப் புலம்பினேன்.

"என்னப்பா, நூறு வருஷத்துக்கு மேல சண்டையாம். முதலாமாள் சின்ன இடத்துக்காரன், பெரிய படையளை அடிச்சு நொறுக்கினவன். அவனைச் சொந்தத் தளபதியே கவிட்டுப் போட்டான். இரண்டாமாள் குடியானவன்ர பிள்ளை, அவன்தான் மிச்சத்தையும் பிடிச்சு ஒண்டாக்கினது. மூண்டாமாள் பொறுத்திருந்து, அவன் செத்தாப்பிறகு எல்லாத்தையும் அள்ளினவன். இதுக்குள்ள ஒரு சக்கரவர்த்தியும் இருந்தவராம், சும்மா. இதை எப்பிடிப் பிரெஞ்சில கதைக்கிறது?"

அவர் தலை நிமிரவேயில்லை. "ஏன் பாடமாக்கிறீர்? சீட்டை வைச்சுக் கதையுமன். ஜாக் முதலாமாள், ஒன்பது இரண்டாமாள், ஏஸ் மூண்டாமாள். கிங் சும்மா இருக்கிற ஆள்."

அட! யாழ்ப்பாணத்தார் ஆடும் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தில் ஜாக்தான் எல்லாருக்கும் பெரியவர். அடுத்தது ஒன்பது, பிறகு ஏஸ். ராஜாவுக்கு வெறும் மூன்று புள்ளி. ஜப்பான் முழுவதும் சீட்டுக்கட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நண்பர்கள் மட்டும் இல்லையென்றால் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன்.

பரீட்சை அறையில் சீட்டுகளை மேசையில் பரப்பினேன். எதிரே நரைத்த தாடியோடு பரீட்சகர். ஜாக் தட்டுத்தடுமாறி ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தார். ஒன்பதை எடுத்து ராஜாவுக்கு மேலே வைத்ததும் பரீட்சகர் கையை நீட்டினார்.

"மதாம், இது பிழை. ராஜாதானே பெரியவர்?" என்று ராஜாவை எடுத்து ஒன்பதுக்கு மேல் வைத்தார்.

உலகம் முழுக்க எங்கள் ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள் என்று நம்பியிருந்த எனக்கு இது புதுச் செய்தி. நாக்கு வழக்கம்போல் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. ஆனால் என் சீட்டில் கை வைத்துவிட்டாரே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோன்!" என்று மேசையில் அடித்தேன். பிறகு வந்ததெல்லாம் பிரெஞ்சுதான். "அந்த ராஜா அரண்மனையில் சும்மா இருந்தவர்! மூன்று புள்ளி! நாட்டைப் பிடித்தது எஜமானுக்குச் செருப்புத் தூக்கியவன்! வெறும் ஒன்பது, ஆனால் ஏறிவிட்டான்! சீட்டைத் தொடாதீர்கள்! ஏஸ் வரும், பொறுங்கள், அவனும் பொறுத்துத்தான் இருந்தான்!" ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாய்ப் போயிருக்கும். யாருக்குக் கவலை? மூன்றாமவரின் வம்சம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆண்டதைச் சொல்லி ஏஸைப் படாரென்று போட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்!

பரீட்சகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "உங்கள் பிழைகளை எண்ண முடியவில்லை, மதாம். உங்களை நிறுத்தவும் முடியவில்லை. பாஸ்," என்றார்.

படியிறங்கினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எட்டு வருஷமாக இந்த ஊரில் பஸ்ஸில், கடையில், வேலையில் யார் அதட்டினாலும் "மெர்சி" என்று நன்றி சொல்லி விலகி வந்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவரோடு சண்டை பிடித்தேன்.