யாழினிக்கு எந்த எழுத்து?

பெற்றெடுப்பது அம்மாக்கள் வேலை. பிள்ளைக்கு வைக்கும் பெயருக்கு இங்கிலீஷில் என்னென்ன எழுத்து என்று துளைத்தெடுப்பது என் வேலை. தலைநகரில், துவாரகா பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவு மேஜை எனக்கு. உங்கள் பெயரையும் ஏதாவது ஒரு மேஜையில் கடித்துக் குதறியிருப்பார்கள், என் பாடு உங்களுக்குப் புரியும்.

இசட் வேண்டாம்

போன ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். எதிர் ஃப்ளாட்டுகளே இல்லை. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் குமார் பாதித் தூக்கத்தில் நடந்து வருவதுபோல வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். மனைவி செல்விக்கு மாசம் நிறையாமலே பெண் குழந்தை. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. "யாழினின்னு வைக்கணும் மேடம்" என்றார்.

ழவுக்கு இசட் எச் போடவா, எல் போடவா என்று கேட்டேன். பக்கத்து மேஜை பிமலா ஜி எட்டிப் பார்த்து இந்தியில் பொரிந்தார்: "அரே, இசட் போட்டா இந்த ஊர் ஸ்கூல்ல யாஜினின்னுதான் கூப்பிடுவாங்க. பாவம், பச்சைக் குழந்தை, விட்டுடுங்க!"

அத்தையின் உரிமை

மறுநாள் குமாரின் அக்கா ஊரிலிருந்து போனில் வந்தார். எண் ஜோசியர் யாவுக்கு ரெண்டு ஏ போடச் சொன்னாராம். அப்பாடா, ஒரு எழுத்தாவது முடிவானதே என்று டைப் அடிக்க விரலைத் தூக்கினால், குமார் தடுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் அத்தை காதில் மூன்று தரம் சொன்னால்தான் பெயர். அதற்கு முன்னால் எழுதக் கூடாதாம்.

பெயரை விட்டுவிட்டுப் பதியலாம், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். தலையாட்டினார், ஆனால் நகரவில்லை. பிள்ளை பிழைக்குமா என்பதுதான் அந்த மனுஷனின் கவலை, எழுத்தாவது ஒன்றாவது! போனைப் பிடித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். போனில் அக்கா குரல் மட்டும் நிதானமாக வந்தது: "அழாதல. அவ வீட்டுக்கு வருவா. நான் வந்து காதுல சொல்லுதேன், பெறவு எழுதிக்கிடலாம்."

காதில் மூன்று தரம்

அக்கா ரயிலேறி வந்த அன்று பனி விலகி, இளம்வெயில் வராந்தா முழுக்கப் படுத்திருந்தது. குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ள அன்றைக்குத்தான் டாக்டர் விட்டார். ஆனால் அம்மா மட்டும்தான் உள்ளே போகலாம். அவ்வளவு தூரம் வந்த அத்தை, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றார். சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவரோ செல்வியைப் பார்த்து, நீயே சொல்லு என்று கையைக் காட்டினார்.

செல்வி குனிந்தாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. நானும் குமாரும் அத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே வந்தாள். இப்போதாவது சொல்லம்மா, எந்த எழுத்து என்றேன். "எந்த எழுத்த வேணும்னாலும் போடுங்கக்கா. கூப்பிட்டேன், கண்ணத் தொறந்து பாக்கா. அது போதும்."

அவர்களுக்குப் போதும்தான், கம்ப்யூட்டருக்குப் போதாதே என்று வராந்தா முழுக்க அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.