மூணு வயசு ஆம்பள

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள் பூர்ணிமா. தையல் கொஞ்சம் கோணலாக இருக்கிறதென்று அவள் சொன்னால் சூப்பர்வைசரே நின்று பார்ப்பார். வீட்டில் மட்டும் அவள் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூன்று வயது மகன் சூர்யாவுக்குக் குரல் கட்டைக் குரலாகிவிட்டது. ஆளும் மளமளவென்று வளர்ந்தான். குளிப்பாட்டும்போது அடிவயிற்றின் கீழே முடியைப் பார்த்து அவளுக்குப் பகீரென்றது. தெருவுக்கோ ஒரே கொண்டாட்டம். அவனைப் பேசவிட்டுப் போனில் படம் பிடித்தார்கள். அப்பன் கோதண்டராமனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பிள்ளையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டான்.

“விளையும் பயிர் முளையிலே தெரியும்டி. ஆம்பளப் புள்ளய எதுக்குத் தூக்கணும்? நடக்கட்டும்.”

“மூணு வயசுல இன்னாய்யா ஆம்பள? வயித்தத் தொட்டுப் பாரு. வலது பக்கம் கல்லு மாதிரி இருக்குது.”

அவன் தொடவில்லை. இடுப்பில் அரைஞாண் கயிறு அழுந்தித் தடம் விழுந்திருந்தது. அதை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினான். “தின்ற சோறு ஒட்டுது, பேஜார் பண்ணாத” என்றான். மறுபடி இறுகியது, மறுபடி தளர்த்தினான். பிறகு நீளமாகப் புதுக் கயிறே வாங்கி வந்தான், கண்ணுபடாமல் இருக்கத் தாயத்து வேறு! சோறு ஒட்டினால் கைகாலில் ஒட்டாதா, வயிற்றில் மட்டுமா ஒட்டும்? இந்த மனுஷனை என்ன செய்வது?

பூர்ணிமா புதுக் கயிற்றைக் கட்டவிடவில்லை. கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு, மகனோடு வேலூர் பஸ் ஏறினாள். அவன் குரலைக் கேட்ட கண்டக்டர், “இவ்ளோ பெரிய பையனுக்கு டிக்கெட் எடுக்கலயா?” என்று சண்டைக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: “ஈரல்ல கட்டிம்மா. அது சுரக்கிற ஹார்மோன்தான் பையனை இப்பவே பருவத்துக்குத் தள்ளுது. மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்கிட்டு ஆபரேஷன் பண்ணணும். முன்னாடியே வந்திருக்கலாம்.”

கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. தகவல் கேட்டு ஓடிவந்த கோதண்டராமனின் கையில், நர்ஸ் கழற்றிக் கொடுத்த பழைய கயிற்றைத் திணித்தாள்.

“தளர்த்தித் தளர்த்தியே நாளக் கடத்திட்டியேய்யா!”

ஊசியைப் பார்த்து சூர்யா அலறினான். பக்கத்துக் கட்டில்காரர், “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்றார். பூர்ணிமாவுக்கு வந்ததே கோபம்!

“அழட்டும். அது கொழந்த!”

சூர்யா தகப்பனைப் பார்த்து இரு கைகளையும் நீட்டினான். “அப்பா, தூக்கு” என்றது அந்தக் கட்டைக் குரல்.

கோதண்டராமன் வாரியெடுத்து அணைத்தான். அப்போதுதான் அந்தக் கட்டி அவன் நெஞ்சில் முட்டியது.