எனக்கென்று வாங்கிய இரட்டை இருக்கைக் கயாக்

கயாக் வாங்குவது எப்படி என்று என்னிடம் யாராவது கேட்டால், முதலில் வீட்டில் வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் திறந்து தொலைத்தேன். அதனால்தான் என் வீட்டுப் பக்கச் சுவரோரம் பன்னிரண்டரை அடி நீளத்துக்கு ஒரு செம்மஞ்சள் படகு கிடக்கிறது. அதில் இரண்டு இருக்கைகள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்று.

நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டரில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் தமிழில் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், திகன கடைக்காரர்கள், பெயரில் ஓர் எழுத்து மாறிப்போய் மூன்று வருடமாக அலைகிறவர்கள் எல்லோரும் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அது என் வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் வேலை நாலேகாலுக்கு முடிய வேண்டுமா இல்லையா? பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒருவர் பையிலிருந்து படிவத்தை எடுப்பார். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட் அம்மா, "மிஸ், நீங்க அந்த ஆபீஸ் மிஸ் தானே?" என்பார். திகனவில் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே என் கணவர் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வந்த ஆளை உட்கார வைத்துப் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கவுண்டரில் நான் நாளுக்கு முப்பது தடவை கத்துகிற ஒரு விஷயம் உண்டு. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எல்லோரும் 'தேவைக்காக' என்று எழுதிவிடுவார்கள். என்ன தேவை? "உண்மையான காரணத்த எழுதுங்கம்மா. காரணம் பிழைன்னா கிடைக்கிற கடுதாசியும் பிழையாத்தான் வரும்" என்று தொண்டை வற்றச் சொல்வேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் 'அவசரத் தேவைக்காக' என்று எழுதி நீட்டுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் ஒரு நாள் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்திலிருக்கும் விருந்தினர் விடுதிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆளுக்கு இருபது நிமிடம் கயாக் ஓட்ட விட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு இருக்கை உள்ள, குட்டையான, அகலமான மஞ்சள் படகு. பயந்துகொண்டுதான் ஏறினேன். பத்துத் தடவை துடுப்புப் போட்டதும் கரையின் சத்தம் நின்றுபோனது. மிஸ் என்று கூப்பிட அங்கே ஆளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதுப் பெண் தண்ணீர் நடுவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். வாரத்தில் ஒரு மணித்தியாலம் இது எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கயாக் பற்றி வாசித்துத் தள்ளினேன். நீளமும் ஒடுக்கமுமானது வேகமாக நேர்கோட்டில் போகும், ஆனால் ஆடும். அகலமானது மெதுவாகப் போகும், சுலபத்தில் கவிழாது. காலை உள்ளே நுழைத்து உட்காரும் வகையில் என் முழங்கால் மடங்காது, மேலே உட்காரும் வகைதான் எனக்குச் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, நானே தனியாகத் தூக்கிப் போகிற பாரமாக இருக்க வேண்டும். ஒன்பதரை அடி, இருபது கிலோ, ஒற்றை இருக்கை. பரீட்சைக்குப் படித்ததுபோல் படித்து வைத்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். "எதுக்கு உனக்கு இது?" என்று கேட்டார் என் கணவர்.

கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் தனியாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீடுகளில் எப்படிச் சொல்வது? சொன்னால் முதல் கேள்வியே யாரோடு சண்டை என்பதுதான். அன்றைக்கே வத்தேகமயிலிருந்து நாத்தனார் பஸ் ஏறி வந்து, ஒரு பக்கம் என்னையும் ஒரு பக்கம் தன் தம்பியையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்துத் தொடங்கிவிடுவார். ஆகவே, "சுகருக்குங்க. டொக்டர் எக்ஸசைஸ் பண்ணச் சொன்னாரு" என்றேன். டொக்டர் நடக்கத்தான் சொன்னார். நான் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான், காரியம் என் கையை விட்டுப் போனது. சுகர்காரியைத் தனியாகத் தண்ணீரில் விடுவதா? நடுவில் தலை சுற்றினால்? நாத்தனார் தொலைபேசியில், "அடியே, ஒரு ஆள் தொணைக்கு ஒக்கார்ற மாதிரி வாங்குங்க. நாளைக்குப் புள்ளைங்க வந்தாலும் ஒதவும்" என்றார். எங்கள் குடும்பத்தில் எதையும் இப்படித்தான் வாங்குவோம். பள்ளிச் சப்பாத்து இரண்டு அளவு பெரிசு, சோற்றுப் பானை கல்யாண வீட்டு அளவு. பிள்ளைகளோ கொழும்பில் இருக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்கள், தண்ணீரைக் கண்டால் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். விற்கிற பையன் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "சேர் எத்தனை கிலோ?" என்று சிங்களத்தில் என் கணவரைக் கேட்டான். இவர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு அறுபத்தெட்டு என்றார். உண்மையில் எண்பத்துநாலு! ஓட்டப்போவது நான் என்றேன். அப்போதுதான் திரும்பி, எத்தனை பேர் போவீர்கள் மிஸ் என்று கேட்டான். ஒற்றை இருக்கைப் படகு ஒன்று அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. நீல நிறம். நான் அதைப் பார்த்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு பேர்" என்றேன் நான். என் வாயால்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

லொறியில் வந்து இறங்கிய அன்றே அடுத்த கூத்து. எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்குத் திகனவில் ஹாட்வெயார் கடை. நல்ல மனிதர், கேட்காமலே உதவி செய்வார், அதுதான் தொல்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே! தங்கச்சி, அடியில ஆறு ஓட்ட ஈக்கி. நல்லா ஏமாத்தி ஈக்கிறானுகள்." மேலே உட்காரும் கயாக்கில் தண்ணீர் வடிய அப்படி ஓட்டைகள் இருக்கும் என்று விளக்கினேன். நானாவும் என் கணவரும் தலையாட்டினார்கள். மறுநாள் நான் வேலையால் வருவதற்குள் ஆறு ஓட்டையையும் பசை வைத்து அடைத்து, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. இருக்கைகளைச் சுற்றியிருந்த பொலித்தீனை மட்டும் என் கணவர் கழற்ற விடவேயில்லை. "புதுசு, அழுக்காயிரும்." தண்ணீரில் போகிற சாமான் அழுக்காகுமாம்.

முப்பத்தைந்து கிலோவை நான் தனியாகத் தூக்க முடியுமா? விடுதிக்காரர் தன் கரையைப் பாவிக்க அனுமதி தந்திருந்தார், ஆனால் நானாவின் கடை லொறி ரோடு வரைக்கும்தான் வரும், அங்கிருந்து தண்ணீருக்கு நல்ல இறக்கம். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தூக்க ஆள் தேவை. தூக்க வருகிறவர் சும்மா வருவாரா, பையில் ஏதாவது ஒரு கடிதம் இருக்கும். முதல் மூன்று வாரம் முன் இருக்கையில் என் கணவர் உட்கார்ந்தார். பொலித்தீன் சரக் சரக் என்று சத்தம் போட்டது. அதற்கு மேல் இவர், "எடது பக்கம் போடு. எடது! அங்க பாரு கொக்கு. பருப்பு ஊற வச்சியா?" ஒரு மணித்தியாலம் முடிந்து கரையேறும்போது அலுவலகத்திலிருந்து வருவதைவிடக் களைப்பாக இருந்தது.

நாலாவது வாரம் இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆகா, இன்றைக்காவது என்று நினைத்தேன். எங்கே! "நானாவ ஏத்திக்கிட்டுப் போ, தனியாப் போகாத" என்றார். நானா மிதவை அங்கியை மேல் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் பேசவேயில்லை. கரை தூரமானது. எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது. நீர்த்தேக்கத்தின் நடுவுக்கு வந்ததும் அவர் மெதுவாகத் திரும்பி, அங்கிக்குள் கை விட்டு, ஷொப்பிங் பேக்கில் சுற்றிய ஒரு கடிதத்தை எடுத்தார்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம். மகள்ட பேர் திருத்துற விஷயம். இதக் கொஞ்சம் பாருங்களே. ஊட்ல வந்தா எப்பயும் ஆள் ஈக்கி."

இறங்கி ஓடவும் முடியாது. துடுப்பை மடியில் வைத்தேன். எனக்குள் என்னவோ அறுந்தது. "நானா, இந்த ஒரு மணித்தியாலமாவது என்னைய விடுங்களேன்! யாரும் ஒண்ணும் கேக்காம, யாரும் என்கூடப் பேசாம, நான் தனியா இருக்கணும். அதுக்குத்தான் இந்த எழவையே வாங்கினேன்! மனுஷியா நான், இல்ல தபால் பெட்டியா?" அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்.

நானா கடிதத்தை மெதுவாக மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, நிஜமாகவே குழப்பமாக இருந்தது. "தனிய ஈக்கத்தான் வாங்கினீங்கண்டா, தங்கச்சி, ரெண்டு ஸீட் என்னத்துக்கு?"

துடுப்பை எடுத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினேன். என் கவுண்டரில் நின்று 'தேவைக்காக' என்று எழுதுகிறவர்களை நான் என்ன ஏச்சு ஏசியிருக்கிறேன்! என் கட்டத்தில் நான் சுகர் என்று எழுதினேன். சுகருக்கு என்ன படகு சரியோ அதைத்தான் வாங்கித் தந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இவரிடம் சொன்னேன். சுகருக்காக இல்லை, டொக்டர் சொல்லியும் இல்லை, தனியாக இருக்க ஆசைப்பட்டேன் என்றேன். யாரோடும் சண்டை இல்லை என்பதை நாலு தடவை சொன்னேன். அவர் முகம் விழுந்துபோனது. "என்னையும் விட்டுட்டா?" என்றார். "உங்களையும் விட்டுட்டுத்தாங்க." மாற்றிச் சொல்லவில்லை. விரலால் மேசையைத் தேய்த்தார். பிறகு எரிந்து விழுந்தார். "இத அந்தக் கடையிலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அந்த நீலத்த வாங்கியிருக்கலாம். எனக்கு முதுகாவது மிஞ்சியிருக்கும்!"

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நானாவின் கடையிலிருந்து ஒரு மணல் மூட்டை வந்தது. பின் இருக்கையில் ஆள் இருந்து முன்னால் வெறுமையாக இருந்தால் படகின் முனை தூக்கிக்கொள்ளும், காற்று பிடித்துத் திருப்பிவிடும். அது எனக்குத் தெரியும், இவர் எங்கே போய் விசாரித்தாரோ தெரியாது. இவரும் நானாவுமாகப் படகை இறக்கினார்கள். முன் இருக்கையில் மணல் மூட்டையை வைத்துக் கட்டினார் இவர். கட்டும் முன் அந்தப் பொலித்தீனைக் கிழித்துச் சுருட்டித் தன் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். "கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துலயே இரு. ஒரு மணித்தியாலம்" என்றார். படகைத் தள்ளிவிட்டார்.

போனேன். மூட்டை கொக்கைக் காட்டவில்லை, பருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நடுவில் போய்த் துடுப்பை மடியில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். கரையில் ஓர் அம்மா கையில் பைலோடு நின்றார். வீட்டில் பூட்டுப் போட்டிருக்கவும் விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்திருக்கிறார்! அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். என் கணவர் அந்தக் கையை இறக்கச் சொல்லிச் சைகை காட்டுவது தெரிந்தது. பிறகு அவரை ஒரு கல்லில் உட்கார வைத்து, பைலை வாங்கி, சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நான் கரையேறியதும், தான் நிரப்பி வைத்திருந்த படிவத்தை என் கணவர் என்னிடம் நீட்டினார். அடக் கடவுளே! பிறந்த திகதி இருக்க வேண்டிய இடத்தில் விலாசம். அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. கையெழுத்து இடவேண்டிய இடத்தில் அந்த அம்மாவின் கணவர் பெயர். காரணம் என்ற கட்டத்தில் மட்டும், அந்த அம்மா சொன்னது அத்தனையையும் ஒரு சொல் விடாமல் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் ஏற்றி, பின்பக்கத்தின் பாதி வரைக்கும் கொண்டுபோயிருந்தார். திங்கட்கிழமை புதுப் படிவம் எடுத்து மற்றதெல்லாம் நான் திருத்தி எழுதினேன். அந்தக் கட்டத்தை அப்படியே பார்த்து எழுதினேன்.